மணியும் எட்டு முடிச்சும்

என் வேலைக் காலத்தில் நிலைத்து நின்றது என்று சொல்ல ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது. அதிலும் பாதி யோசனை என்னுடையது இல்லை. என்னுடைய பாதி ஒரு பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் புதிதாக உட்கார வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது பெருமையாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். யோசித்துப் பார்த்தால், பெருமைப்பட்ட நாட்களில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே கேவலப்பட்ட நாளைப் பற்றியே எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போன மறு வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். புதுச்சேரியின் தென்புறத்தில், முதலியார்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன டிஸ்பென்சரி. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நான். அலமாரி ஜாடிகளில் பெயர் பிரெஞ்சில் இருக்கும், டாக்டர் ஆங்கிலத்தில் எழுதுவார், வருகிறவர்களுக்கு இரண்டும் தெரியாது. பழைய ஆட்கள் பிரெஞ்சு வழக்கப்படி என்னை 'முசியே' என்பார்கள். பக்கத்து நூல் மில்லிலிருந்து வருகிறவர்கள் 'கம்பவுண்டரய்யா' என்பார்கள். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. இருபத்து மூன்று வயது, யார் எந்த மரியாதையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற வயது.

நீங்கள் இப்போது அட்டையைக் கிழித்து மாத்திரை கொடுக்கிறீர்கள். நாங்கள் கலக்கி ஊற்றிக் கொடுத்தோம். பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊரில் பாட்டிலுக்கா பஞ்சம்? ஒயின் பாட்டில், பிராந்தி பாட்டில், எல்லாம் வரும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மா இடுப்பிலிருந்து பிராந்திக் குவார்ட்டர் பாட்டிலை எடுத்து நீட்டுவாள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார். அதைக் கொதிநீரில் கழுவி, மருந்தை நிரப்பி, பக்கத்தில் காகிதப் பட்டை ஒட்டிக் கொடுப்போம். பட்டையில் எத்தனை வெட்டு இருக்கிறதோ அத்தனை வேளை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. மருந்துகள் வாயில் வைக்க முடியாது. அதிலும் ரத்தம் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இரும்பு மிக்சர், துருப்பிடித்த ஆணியை நக்கினது போல இருக்கும். எவ்வளவு சர்க்கரைப் பாகு சேர்த்தாலும் ஆணி ஆணிதான்.

பிள்ளைகள் துப்பிவிடும். அம்மாக்கள் இரண்டு நாள் போராடிப் பார்த்துவிட்டு மீதியைச் சாக்கடையில் கொட்டுவார்கள். அடுத்த மாதம் அதே பிள்ளை இன்னும் வெளுத்துப்போய் வந்து நிற்கும். நர்ஸ் திட்டுவார், டாக்டர் திட்டுவார், அம்மா பிள்ளையை அடிப்பாள். எதையாவது செய்ய வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

என் வீடு அரியாங்குப்பத்தில். அங்கே ஆற்றங்கரை மேட்டில் மழை பெய்து மண் கரைந்தால் கண்ணாடி மணிகள் மேலே வரும். நீலம், பச்சை, சிவப்பு, நடுவில் துளையோடு பட்டாணி அளவில் இருக்கும். எந்தக் காலத்து ஆட்கள் செய்தது என்று படித்தவர்கள் வந்து தோண்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். அப்போது யாரும் கேட்க மாட்டார்கள், இப்போது எடுத்தால் போலீஸ் வரும். ஒரு மழைக்குப் பிறகு ஒரு கைப்பிடி மணி பொறுக்கி, டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் பாட்டில்களோடு சேர்த்துக் கொதிக்க வைத்தேன். பிள்ளைகளுக்கான இரும்பு மிக்சர் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு மணியைப் போட்டேன்.

"உள்ள இன்னா சத்தம் கேக்குது பாரு," என்று ஜன்னல் வழியாக பாட்டிலைக் குலுக்கிக் காட்டுவேன். "மருந்த முடிச்சிட்டீன்னா மணி ஒனக்கு."

வேலை செய்தது. துப்புகிற பிள்ளைகள் குடிக்க ஆரம்பித்தார்கள். அடியில் மண்டுகிற மருந்தும் குலுக்கலில் கலந்துகொண்டது. ஒரே மாதத்தில் கன்னம் சிவந்த பிள்ளைகள் கழுத்தில் மணியைக் கோத்துக்கொண்டு ஜன்னலில் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடாது என்பார். எழுதிக் கொடுத்ததைத் தவிர பாட்டிலுக்குள் ஒரு துரும்பும் போகக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நல்லதுதானே நடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

கன்னியம்மா என்று ஒருத்தி. மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை. அவள் மகள் அஞ்சலைக்கு ஆறு வயது, காகிதம் போல வெளுத்த பிள்ளை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து முடித்து, ரத்தம் ஊற எட்டு நாளைக்கு இரும்பு மிக்சர் எழுதினார் டாக்டர். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. குவார்ட்டர் பாட்டில் நிறைய ஊற்றி, நல்ல நீல மணியாகப் பார்த்து ஒன்றைப் போட்டேன். அஞ்சலை பாட்டிலைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டே போனாள்.

மறுநாள் மதியம் மூன்று மணி இருக்கும். டிஸ்பென்சரி மூடுகிற நேரம். கன்னியம்மா மில் முடிந்த கையோடு, தலையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்க, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ரெண்டு மூணு வாட்டி வாந்தி எடுத்துட்டாய்யா. நான் ஊட்டுக்குள்ள போறேன், மருந்து பாட்டிலு கீழ கவுந்து கெடக்குது, தரையெல்லாம் செவப்பா ஈரம். கொட்டிட்டா போல. கொஞ்சம் குடிச்சிருப்பா."

டாக்டர் பிள்ளையைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாடி பார்த்தார். இன்னொரு முறை வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"ரெண்டு வேள மருந்து கூட போயிருக்கும். அதான் வாந்தியில வந்துட்டுது," என்றார் டாக்டர். "பயப்படாத. மோர் குடுத்து தூங்க வை. நாளைக்கு கூட்டிட்டு வா."

கன்னியம்மாவுக்கு உயிர் வந்தது. நர்ஸிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அஞ்சலை மெல்ல நடந்து என் ஜன்னலுக்கு வந்தாள். எட்டிப் பார்க்க உயரம் போதாமல் கால்விரல் நுனியில் நின்று, மூடியிருந்த கையை ஜன்னல் பலகையில் வைத்து விரித்தாள். நீல மணி.

"மாமா, நான் முடிச்சிட்டேன்."

"கீழ கொட்டிட்டியா கண்ணு?"

"இல்ல. மூக்க புடிச்சிக்கினு பூரா குடிச்சிட்டேன். மணி வரல. அப்பறம் தண்ணி ஊத்தி குலுக்கி எடுத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "முடிச்சா எனக்குன்னு சொன்னீங்க இல்ல?"

தரையில் இருந்த ஈரம் மருந்து இல்லை, அவள் கழுவி ஊற்றிய தண்ணீர். முந்தின நாள் மாலையும் அன்று காலையும் குடித்தது போக, ஒரு வாரத்து மருந்து முழுவதும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போயிருக்கிறது. சொன்ன சொல்லைக் கேட்கிற நல்ல பிள்ளை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள்.

அடுத்து நான் என்ன செய்தேன் என்பதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. கையில் இருந்த கார்க்கை உருட்டிக்கொண்டு நின்றேன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, பழைய சர்க்காரில் யார், புது சர்க்காரில் யார் என்று பெயர்களைச் சலித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பாட்டிலுக்குள் நான் மணி போட்டேன் என்று வாய் திறந்தால் அன்றோடு சீட்டுக் கிழியும். இன்னொன்றும் நினைத்தேன். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், வாந்தியும் நின்றுவிட்டது, டாக்டரே போகச் சொல்லிவிட்டார், நான் எதற்குக் கிளற வேண்டும் என்று. இரும்பு அதிகமாகிவிட்டால் முதலில் வாந்தி வந்து, பிறகு நன்றாக இருப்பது போலத் தோன்றி, அதற்குப் பிறகுதான் ஆளைச் சாய்க்கும் என்பது எனக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்ததுதான். பயம் வந்தால் பாடம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கன்னியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் படி இறங்கிவிட்டாள். அஞ்சலை அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, கையைத் தூக்கி மணியைக் காட்டினாள். அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"ஏம்மா, நில்லு. ஊட்டுக்குப் போவாத."

"ஏன்யா? டாக்டரு போலாம்னாரே."

"அவரு கிட்ட நான் பேசறேன். உள்ள வா நீ."

டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். கன்னியம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். தனியாகச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தனியாகச் சொன்னால் வார்த்தையைக் குறைத்துவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும்.

"டாக்டர், மருந்து கொட்டல. பாப்பா பூரா பாட்டிலையும் குடிச்சிட்டுது. பாட்டிலுக்குள்ள நான் மணி போட்டிருந்தேன். முடிச்சா மணி தரேன்னு சொன்னது நான்தான்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை அவுன்ஸ், எப்போது, என்ன அளவில் கலந்தேன், இந்த மூன்றை மட்டும் கேட்டார். பதில் சொன்னேன். பிள்ளையை வாரி எடுத்துத் தம் காரில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கன்னியம்மா ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

அங்கே போய் வயிற்றைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்குக் கண் சொருகிவிட்டது. அடுத்த இரண்டு நாள் இழுபறி. மூன்றாவது நாள் காலையில் கஞ்சி கேட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னார். நான் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டில் இருந்திருந்தால், என்று டாக்டர் ஒருமுறை ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு திட்டினார், நன்றாகவே திட்டினார். இது டிஸ்பென்சரியா, திருவிழாக் கடையா என்று கேட்டார். மேலிடத்துக்கு எழுதினார். எழுத வேண்டியதுதான். ஆனால் நானாக வந்து சொன்னேன் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. வேலை போகவில்லை. நிரந்தரம் மட்டும் ஒரு வருஷம் தள்ளிப் போனது. போனால் போகட்டும், பிள்ளை இருக்கிறாள்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மிச்ச மணிகளைக் காகிதத்தில் மடித்து அலமாரிக்கு அடியில் தள்ளினேன். எழுதியதைக் கலக்கினேன், ஊற்றினேன், ஒட்டினேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் மறுபடியும் துப்பினார்கள், அம்மாக்கள் மறுபடியும் சாக்கடையில் கொட்டினார்கள். என் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நாட்களில் நான் ஒழுங்காக வேலை பார்த்தேனே தவிர, நல்ல வேலை பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து கன்னியம்மா ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் அதே குவார்ட்டர் பாட்டில், பக்கத்தில் அஞ்சலை.

"உங்க மேல கோவம் வந்தது. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றாள். "மில்லுல எல்லார்கிட்டயும் உங்கள ஏசினேன். ஆனா நீங்க அன்னிக்கி ஓடியாரலன்னா இவ இல்ல. அதையும் சொல்லிட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"ரத்தம் இன்னும் ஊறலன்னு டாக்டரு மறுபடியும் அந்த மருந்துதான் எழுதிக் குடுத்திருக்காரு. இப்பெல்லாம் மணி குடுக்கறதில்லயாமே நீங்க?"

"வேணாம்மா. பட்டது போதும்."

"அப்ப இவ எப்படி குடிப்பா? மருந்துன்னு சொன்னாலே வாயத் தொறக்க மாட்டேன்றா." மடியிலிருந்து மில் நூல் ஒரு கொத்தை எடுத்தாள். அறுந்து கழிந்த நூல் அந்தப் பிரிவில் வேலை செய்கிற எல்லாப் பெண்கள் மடியிலும் இருக்கும். "மணி ஒண்ணு குடுங்க. உள்ள போடாதீங்க. என் கையில குடுங்க."

அலமாரிக்கு அடியிலிருந்து காகிதத்தை இழுத்து ஒரு மணியைக் கொடுத்தேன். நூலை நாலாக முறுக்கினாள். மணியைக் கோத்து, ஒரு நுனியைப் பாட்டில் கழுத்தில் கட்டினாள். தொங்குகிற நூலில், மணிக்குக் கீழே, வரிசையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாள். விரல் போகிற வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. நாள் முழுதும் அறுந்த நூலை முடிச்சுப் போட்டு இணைப்பதுதான் அவள் தொழில். எட்டு முடிச்சு.

"எட்டு நாளு. ரெண்டு வேளையும் குடிச்சிட்டா, ராவிக்கு ஒரு முடிச்ச நான் அறுப்பேன். கடைசி முடிச்சு போனாத்தான் மணி கழலும். இது மில்லு முடிச்சு, கையால பிரிக்க முடியாது. அறுக்கத்தான் முடியும். அருவாமண என் கையில இருக்குது."

"பாப்பா தெரியாம எடுத்து அறுத்துட்டா?" என்று கேட்டேன். அடிபட்டவன் கேட்கிற கேள்வி.

கன்னியம்மா என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அறுத்துக்கினா மணிதானே போவும்? போவட்டும். ஊட்டுல நூல கழட்டி ஆணியில மாட்டிடுவேன், மருந்து பரண் மேல இருக்கும்."

பிள்ளைகளே, எனக்கு அன்று உறைத்தது இதுதான். நானும் அன்போடுதான் செய்தேன், அவளும் அன்போடுதான் செய்தாள். ஆசையையும் ஆபத்தையும் நான் ஒரே பாட்டிலுக்குள் போட்டேன். அவள் ஆசையை வெளியே கட்டினாள். ஒருவருக்கு நல்லது செய்யப் போகும்போது, அவர்கள் அவசரப்பட்டால் என்ன ஆகும், மறந்தால் என்ன ஆகும், நான் சொன்னதை அப்படியே அட்சரம் பிசகாமல் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசியுங்கள். தப்பு நடந்தே தீரும். நடந்தால் மணி மட்டும் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை டாக்டரிடம் கேட்டேன். நூலைக் கையில் வாங்கி, ஒரு முடிச்சை நகத்தால் பிரிக்கப் பார்த்தார். இரண்டு நோயாளி காத்திருக்க, ஐந்து நிமிஷம் போராடினார். பிரியவில்லை. "சரி, கட்டு," என்று திருப்பிக் கொடுத்தார்.

மில் பெண்கள் கழிவு நூலை மூட்டையாகக் கொண்டுவந்து என் ஜன்னலோரம் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த முடிச்சு கடைசி வரையில் வரவில்லை. வரிசையில் நிற்கிறவர்களே எனக்காகப் போட்டுக் கொடுப்பார்கள். பிறகு பெரியவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு மணி வேண்டாம், முடிச்சு மட்டும் போதும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர் ஒருவர், கண்ணும் சரியாகத் தெரியாது, இருட்டிலும் விரலால் தடவி இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று சொல்வார். நான் ஒட்டிய காகிதப் பட்டையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அஞ்சலை அந்த எட்டு நாளையும் முடித்தாள். மணியைக் காட்ட வந்தபோது, "இது ரெண்டாவது," என்றாள்.

அறுபத்திரண்டில் என்னை வடக்கே மாற்றினார்கள். கனகசெட்டிக்குளம் பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரி. மில் இல்லாத, மீன்பிடிக்கிற ஊர். அங்கே ஒருவரையும் எனக்குத் தெரியாது, என்னையும் ஒருவருக்கும் தெரியாது. சேர்ந்த முதல் வாரம், வலை காயப்போட்ட கையோடு ஒரு பெண் வந்தாள். பிள்ளைக்கு மருந்து. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து பாட்டிலை நீட்டினாள். பாட்டில் கழுத்தில் வலை நூல் தொங்கியது. அதில் ஒரு சோழி, சோழிக்குக் கீழே முடிச்சுகள்.

"இது இன்னாம்மா?" என்று கேட்டேன். தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"முடிச்சுங்க. ஊருக்குப் புச்சா நீங்க?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "முடிச்சு போட்டாத்தான் மருந்து கேக்கும்."

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? எல்லாரும் போடறதுதான். எங்க நாத்தனா ஊட்டுல போடுவாங்க, அதப் பாத்து நான் போடறேன்."

முதலியார்பேட்டைக் கதையைச் சொல்ல வாய் வரை வந்தது. கன்னியம்மா பெயரையாவது சொல்லலாம் என்று தோன்றியது. அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் வெயிலில் நின்றார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது, அதை அவளிடம் சொல்லி விளக்கவும் முடியாது. பாட்டிலை வாங்கி, மருந்தை ஊற்றி, கார்க்கை அடைத்தேன். நூலை விரலில் பிடித்து முடிச்சுகளை எண்ணினேன். ஏழுதான் இருந்தது.

"எட்டு நாளு மருந்தும்மா," என்று நூலை அவளிடம் நீட்டினேன். "இன்னும் ஒண்ணு போடு."